பாம்புக்கடி மருந்து நம்ம ஊர்ப் பாம்புக்கு வேலை செய்யாதா?

கரிசல்காட்டான் (இழையைத் தொடங்கியவர்)

சென்ற மழைக்காலத்தில் ஊரில் என் சித்தியைக் கட்டுவிரியன் கடித்துவிட்டது. தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவருக்குக் கடித்ததே தெரியவில்லை. விடிகாலையில் வயிற்றைப் பிசைகிறது என்றிருக்கிறார். வாயுவாக இருக்கும் என்று ஓமத்தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். இமை இரண்டும் தொங்கி, நாக்கு குழறிய பிறகுதான் பக்கத்து வீட்டுத் தாத்தா, "ஏதோ பூச்சி தொட்டிருக்கு, தூக்குங்க" என்றார். பாயைச் சுருட்டினால் அடியில் பாம்பு கிடக்கிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி எதுவும் போடவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அங்கே மருந்து ஏற்றியும் கண் திறக்கவில்லை. வென்டிலேட்டரில் கிடந்து ஒருவழியாகப் பிழைத்து வந்தார்.

இப்போது என் சந்தேகம். பாம்பு விஷம் ஊருக்கு ஊர் மாறுகிறது, இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்து பல இடங்களில் சரியாகக் கேட்பதில்லை என்று பெங்களூரு விஞ்ஞானிகள் கண்டறிந்திருப்பதாகப் படித்தேன். சித்திக்கு மருந்து கேட்காததற்கும் அதுதான் காரணமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வாட்ஸ்அப் ஃபார்வர்டு வேண்டாம்.

நந்தினி_பெங்களூரு

நீங்கள் படித்தது சரிதான். ஆனால் சித்தி விஷயத்தில் அது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலில் ஆராய்ச்சி. இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகர் தலைமையிலான குழு பாம்பு விஷங்களைப் பற்றி ஆராய்ந்து வருகிறது. நம் நாட்டில் கிடைக்கும் மருந்து நான்கு பாம்புகளின் விஷத்தை வைத்துத் தயாரிக்கப்படுவது: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். ஆனால் வங்காளத்திலும் வடகிழக்கிலும் இருப்பது படத்தில் ஒற்றை வட்டம் போட்ட வேறு வகை நாகம். ராஜஸ்தான் பக்கம் சிந்து கட்டுவிரியன். இவற்றின் விஷத்தை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்ததில் மருந்து மிக மோசமாகவே காப்பாற்றியது. இது 2019இல் வெளியானது. அப்புறம் 2021இல் கண்ணாடிவிரியனை எடுத்துக்கொண்டார்கள். ஒரே இனம்தான், ஆனாலும் பகுதிக்குப் பகுதி விஷத்தின் சேர்மானம் மாறியிருந்தது. 2025இல் இன்னும் ஒரு படி போய், 34 இடங்களில் பிடித்த 115 கண்ணாடிவிரியன்களின் விஷத்தை வெப்பம், மழை அளவுகளோடு ஒப்பிட்டார்கள். வறண்ட பகுதிப் பாம்புகளின் விஷத்தில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் அதிகம் வேலை செய்தன.

இனி கட்டுவிரியன். அதன் விஷம் நரம்பு முனைக்குள் புகுந்து முனையையே அழித்துவிடும். ரத்தத்தில் சுற்றும் விஷத்தை மருந்து பிடித்துக்கொள்ளும், அழிந்த முனையை அதனால் திரும்பக் கட்ட முடியாது. அது தானாக வளர்ந்து வரும்வரை மூச்சை இயந்திரம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். விடிகாலைக்குள் வேலை முடிந்துவிட்டிருக்கும். மருந்து சரியாக இருந்தாலும் சித்தி வென்டிலேட்டருக்குப் போயிருக்கலாம்.

செங்கை_மணி

இதில் நம்ம ஊர் சங்கதி ஒன்று இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. நாட்டில் தயாராகும் மருந்துக்கான விஷம் பெருமளவு போவது எங்கள் பக்கத்திலிருந்துதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி, முதலைப் பண்ணை வளாகத்தில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். ஆரம்பித்தது 1978இல். அதற்கு இரண்டு வருடம் முன்னால் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்து இருளர்களின் பிழைப்பு போயிருந்தது. பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேக்கர் முன்னின்று, பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்து விற்கலாம் என்று சங்கத்தை உருவாக்கினார்.

போய்ப் பார்த்திருக்கிறேன். மணல் போட்ட மண்பானைகள் வரிசையாக இருக்கும், வாயில் துணி கட்டி. ஒவ்வொன்றிலும் பாம்பு. விஷம் எடுப்பவர் கம்பியால் பாம்பை வெளியே தூக்கி, தலைக்குப் பின்னால் பிடித்து, வாயை ஜவ்வு கட்டிய கண்ணாடிக் குப்பியின் விளிம்பில் வைப்பார். பல் ஜவ்வைத் துளைத்ததும் மஞ்சளாகச் சில சொட்டு இறங்கும். கட்டுவிரியனிடம் கிடைப்பது கண்ணுக்கே தெரியாத அளவு. ஒரு பாம்பை ஏறக்குறைய ஒரு மாதம் வைத்திருந்து நான்கு முறை எடுப்பார்கள். அப்புறம் வயிற்றுச் செதிலில் சின்னதாக ஒரு வெட்டு அடையாளம் போட்டுக் காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளத்தோடு திரும்ப மாட்டினால் அதைத் தொடுவதில்லை. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு வனத்துறை அனுமதி வாங்க வேண்டும்.

2023இல் பத்மஸ்ரீ வாங்கிய வடிவேல் கோபாலும் மாசி சடையனும் இந்த இருளர்கள்தான். மலைப்பாம்பு பிடித்துக் கொடுக்க அமெரிக்காவின் ஃபுளோரிடா வரை போய் வந்தவர்கள். ஊரில் இன்னும் பலருக்கு வீட்டுமனைப் பட்டா இல்லை, அது தனிக் கதை.

கரிசல்காட்டான்

மணி அண்ணே, அப்படியென்றால் செங்கல்பட்டுப் பாம்பின் விஷத்தில் செய்த மருந்து ராஜஸ்தானில் கேட்காமல் போவது புரிகிறது. ஆனால் தமிழ்நாட்டில் நன்றாகக் கேட்க வேண்டுமே? அப்புறம் ஏன் இங்கே ஆட்கள் சாகிறார்கள்?

நந்தினி_பெங்களூரு

நல்ல கேள்வி. செங்கல்பட்டும் தூத்துக்குடியும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் மூக்கு தூக்கிய குழிவிரியன் ஒன்று இருக்கிறது, அதற்கு இந்த மருந்து உதவாது. கேரளத்தில் அது பெரிய தலைவலி. அதைத் தவிர்த்துப் பார்த்தால், இந்தியாவில் இந்த மருந்து மற்ற இடங்களைவிடப் பொருந்திப் போகக்கூடிய இடம் நம் பகுதிதான். இங்கே வேறு எங்கோ ஓட்டை இருக்கிறது.

எண்கணக்கு

ஓட்டை எங்கே என்று கணக்கே சொல்லும். ஆஸ்பத்திரிப் பதிவேட்டை மட்டும் நம்பினால் பாம்புக்கடி ஒரு பிரச்சினையே இல்லை என்று தோன்றும். 2003 முதல் 2015 வரை அரசு மருத்துவமனைகளில் பதிவானவை சுமார் 15,500 சாவுகள். அத்தனை வருடத்துக்கும் சேர்த்து.

'பத்து லட்சம் மரணங்கள் ஆய்வு' என்று ஒன்று நடந்தது, டொரன்டோவின் பிரபாத் ஜா குழுவும் நம் தலைமைப் பதிவாளர் அலுவலகமும் சேர்ந்து. பணியாளர்கள் சாவு விழுந்த வீட்டுக்கே போய், என்ன நடந்தது என்று வீட்டாரிடம் கேட்டு எழுதுவார்கள். அந்தத் தாளை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் படித்துக் காரணம் குறிப்பார்கள். அப்படி எண்ணியபோது 2005ஆம் ஆண்டுக்கு மட்டும் சுமார் 45,900 சாவு. 2020இல் வந்த அடுத்த கணக்கு 2000 முதல் 2019 வரை 12 லட்சம், வருடத்துக்குச் சராசரி 58,000. பாதி ஜூன் முதல் செப்டம்பருக்குள். முதல் ஆய்வில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்கு வெளியே இறந்திருக்கிறார்கள்.

அதாவது மருந்து கேட்டதா கேட்கவில்லையா என்று சோதிக்கவே வாய்ப்பில்லாமல் போனவர்கள்தான் பெரும்பான்மை. விஷம் மாறுகிறது என்ற ஆராய்ச்சி பத்திரிகைக்குச் சுவையாக இருக்கிறது, எழுதுகிறார்கள். வழியில் செத்தவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

(எழுபது சதவீதச் சாவு பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ஒடிசா, ஆந்திரம் உள்ளிட்ட எட்டு மாநிலங்களில். தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. உடனே காலரைத் தூக்கிவிட வேண்டாம்.)

பூவரசு

எங்கள் தாத்தா பாம்புக்கடிக்குப் பச்சிலை கொடுப்பார். சுற்றுவட்டாரமே வரும். ஒருவர்கூடச் செத்ததில்லை. மிளகைக் கடிக்கச் சொல்லி, காரம் தெரிகிறதா என்று பார்த்தே விஷம் ஏறியதா என்று சொல்லிவிடுவார். அதையும் ஆராய்ச்சி செய்யலாமே?

இரவுப்பணி

மாவட்ட மருத்துவமனையில் அவசரப் பிரிவில் இருக்கிறேன், எந்த ஊர் என்று கேட்காதீர்கள்.

பூவரசு சார், தாத்தாவைக் குறை சொல்லவில்லை. நம் ஊரில் கடிக்கும் பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை. விஷப்பாம்பும் பல நேரம் பல்லை மட்டும் பதித்துவிட்டு விஷத்தை இறக்காமல் போய்விடும். அவர்கள் எல்லாம் எதைக் கொடுத்தாலும் பிழைப்பார்கள். பச்சிலை தின்று, காத்திருந்து, சிறுநீர் ரத்தமாகப் போன பிறகு எங்களிடம் வருகிறவர்களை நாங்கள் பார்க்கிறோம், தாத்தா பார்த்திருக்க மாட்டார்.

இப்போது கரிசல்காட்டான் கேட்டதற்கு வருகிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போடாமல் அனுப்பினார்கள் என்றீர்கள். எனக்கு ஆச்சரியமே இல்லை. அங்கே மருந்து இருந்திருக்கவும் கூடும். இருந்தும் போடாததற்குக் காரணம் பயம்.

மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து வருகிறது. குதிரைக்கு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதன் உடலில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்துப் பொடியாக்கித் தருகிறார்கள். வேற்றுப் புரதம் என்பதால் நம் உடம்பு சிலருக்குச் சீறி எழும். தடிப்பு, வாந்தி, நடுக்கம், சிலருக்கு ரத்த அழுத்தம் விழுந்து மூச்சடைக்கும். தனியாக இருக்கும் இளம் மருத்துவர், ஒரு செவிலியர், வெளியே ஐம்பது சொந்தக்காரர்கள். ஊசி போட்டு ஏதாவது ஆனால், "இங்க வந்துதான் செத்தான்" என்று கண்ணாடியை உடைப்பார்கள். போடாமல் அனுப்பி வழியில் செத்தால் விதி என்பார்கள். நீங்களே சொல்லுங்கள், அவர் என்ன செய்வார்?

ஆனால் இந்த ஒவ்வாமைக்கு மருந்து இருக்கிறது. அட்ரினலின். ஊசியில் தயாராக எடுத்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் சமாளிக்கலாம். தேசிய வழிகாட்டுதலும் முதல் டோஸைப் போட்டுவிட்டுத்தான் மேல்சிகிச்சைக்கு அனுப்பச் சொல்கிறது. பழைய பழக்கத்தில் தோலில் டெஸ்ட் டோஸ் போட்டுக் காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது ஒவ்வாமை வருமா என்று சொல்லவும் சொல்லாது, நேரத்தையும் தின்னும்.

அளவிலும் தயக்கம். ஒரு குப்பி 10 மில்லி. அது ஏறக்குறைய 6 மில்லிகிராம் கண்ணாடிவிரியன் விஷத்தை முறிக்கும். கண்ணாடிவிரியன் ஒரு கடியில் சராசரியாக இறக்குவது 63 மில்லிகிராம். ஆகவே பத்துக் குப்பி. இரண்டு குப்பி போட்டு "ஏதோ முதலுதவி செய்துவிட்டோம்" என்று அனுப்பினால் இரண்டு குப்பி வீண். குழந்தைக்கும் அதே பத்துதான், பாம்பு ஆளைப் பார்த்து அளந்து கொடுப்பதில்லை.

அப்புறம், பெரிய கருவி எதுவும் வேண்டாத ஒரு சோதனை. 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் ஆட்டாமல் வைக்க வேண்டும். பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் தண்ணியாக ஓடினால் கண்ணாடிவிரியன் அல்லது சுருட்டைவிரியன் விஷம் வேலை செய்கிறது என்று அர்த்தம், மருந்தை உடனே தொடங்க வேண்டும். கண்ணாடிதான் ரத்தத்தை உறையத் தூண்டுகிறது. பிளாஸ்டிக் குழாயில் விட்டால் நல்ல ரத்தமும் உறையாமல் நின்று ஏமாற்றும். சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயிலும் அதே கூத்து. இன்று கண்ணாடிக் குழாய் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? எல்லாம் பிளாஸ்டிக்தான் வருகிறது. இந்தக் குழாய் இல்லாததை எந்த ஆராய்ச்சிக் கட்டுரையும் எழுதப்போவதில்லை.

உங்கள் சித்திக்கு இந்தச் சோதனை உதவியிருக்காது, கட்டுவிரியன் கடியில் ரத்தம் உறையும். அங்கே தொங்கும் இமைதான் சோதனை. தசைத் தளர்ச்சியைக் குறைக்கும் நியோஸ்டிக்மின் ஊசி நாகக் கடிக்கு நன்றாகக் கேட்கும், கட்டுவிரியனுக்குப் பெரும்பாலும் கேட்காது. போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

மட்டுறுத்துநர்

மந்திரிப்பு, கல் வைத்தல் பற்றிய பதிவுகளை நீக்கியிருக்கிறேன். யாராவது இரவில் தேடி இந்த இழைக்கு வந்து அதை நம்பிவிடக் கூடாது. கடித்த இடத்தைக் கீறுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது பற்றியும் ஆலோசனை எழுதாதீர்கள். கடித்த கை காலை அசைக்காமல் வைத்து, 108ஐ அழைத்து உடனே ஆஸ்பத்திரி. அவ்வளவுதான்.

வடமராட்சி_வாசி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுறன். எங்களுக்கும் இந்த இந்திய மருந்துதான் வருகுது. எங்கட பக்கம் புடையனும் (நீங்கள் சொல்லுற கண்ணாடிவிரியன்) சுருட்டையும்தான் தொல்லை, வெங்காயத் தோட்டம், பனங்காணி எல்லாம். டொக்டர் சொன்ன அந்த ஒவ்வாமை இங்கையும் பெரிய பிரச்சினை. இலங்கையில 1,007 பேரை வைச்சு ஒரு ஆய்வு செய்து 2011இல வெளியிட்டவை. மருந்து ஏத்த முதல் சின்ன அளவு அட்ரினலின் தோலுக்குக் கீழ போட்டால் கடுமையான ஒவ்வாமை நல்லாக் குறையுது எண்டு கண்டவை. ஹைட்ரோகார்ட்டிசோன் எண்ட ஸ்டீராய்டு போட்டும் பார்த்தவை, அதால பிரயோசனம் இல்லை. இந்தியாவில இதைச் செய்யிறேல்லையோ?

இரவுப்பணி

சில இடங்களில் செய்கிறோம் அண்ணை. எங்கள் பிரிவில் அந்த ஆய்வுக்குப் பிறகுதான் வழக்கமானது. ஆனால் ஹைட்ரோகார்ட்டிசோனும் அவில் என்ற ஒவ்வாமை ஊசியும் போட்டுவிட்டு 'கவர் கொடுத்தாச்சு' என்று நிம்மதியாக இருப்பவர்கள்தான் அதிகம்.

நந்தினி_பெங்களூரு

இரவுப்பணி சார் ஆராய்ச்சியைக் கொஞ்சம் குறைத்துப் பேசுகிறார் என்று தோன்றுகிறது. குதிரை இல்லாமல் மருந்து செய்ய முடிந்தால் நீங்கள் சொல்லும் பயமே பாதி போய்விடும். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனம், இங்கிலாந்தின் லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி, எங்கள் ஊர் இந்திய அறிவியல் கழகம் மூன்றும் சேர்ந்து ஆய்வகத்தில் உருவாக்கிய ஒரு மனித எதிர்ப்பொருளை வெளியிட்டார்கள். நாகம், கட்டுவிரியன், ஆப்பிரிக்க மாம்பா குடும்பத்தின் நரம்பு நஞ்சு ஒன்றை அது பிடித்துக்கொள்கிறது. எலிகள் பிழைத்தன. கண்ணாடிவிரியனுக்கும் சுருட்டைவிரியனுக்கும் அது ஆகாது, அவற்றுக்குத் தனியாக வேண்டும். அதேபோல வாரெஸ்பிளாடிப் என்று வாயில் விழுங்கும் மருந்தை இந்தியாவிலும் அமெரிக்காவிலும் நோயாளிகளிடம் சோதித்தார்கள். எதிர்பார்த்த முக்கிய இலக்கை எட்டவில்லை, ஆனால் கடித்த சில மணிக்குள் எடுத்தவர்களிடம் நம்பிக்கை தரும் அறிகுறி இருந்தது. விழுங்கும் மாத்திரை என்றால் வயலிலேயே கொடுத்துவிடலாம், யோசித்துப் பாருங்கள்.

இரவுப்பணி

வரட்டும் மேடம், சந்தோஷமாகப் போடுவோம். வரும்வரை கண்ணாடிக் குழாய் வாங்கிக் கொடுங்கள்.

எண்கணக்கு

இருவரும் சண்டை போட வேண்டாம். ராஜஸ்தானுக்கும் வங்காளத்துக்கும் நந்தினியின் ஆராய்ச்சி உயிர் போகிற விஷயம். அங்கே உள்ளூர்ப் பாம்பின் விஷத்தில் மருந்து செய்தே ஆக வேண்டும். நமக்கு டாக்டர் சொல்வது. ஒரே தேசியத் திட்டத்தில் இரண்டையும் ஒரே வார்த்தையில் 'மருந்துத் தட்டுப்பாடு' என்று எழுதிவிடுகிறார்கள்.

2024 மார்ச்சில் மத்திய அரசு செயல்திட்டம் வெளியிட்டது, 2030க்குள் சாவைப் பாதியாக்க வேண்டும் என்று. பாதி என்றால் எதில் பாதி? முதலில் எண்ண வேண்டும். அந்த வருடம் பிப்ரவரியில் கர்நாடகமும் நவம்பரில் தமிழ்நாடும் பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கின. இனித் தனியார் மருத்துவமனையும் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். என்னைக் கேட்டால் புது எதிர்ப்பொருளைவிட இந்த அரசாணைதான் பெரிய செய்தி. நாளிதழில் உள்பக்கத்தில் போட்டார்கள்.

பூவரசு

கொசுவலை பற்றி யாரும் சொல்லவில்லையே. தரையில் படுப்பவர்களுக்கு அது உதவும் என்று கேள்விப்பட்டேன். நேபாளத்தில் ஆய்வே செய்திருக்கிறார்களாம்.

இரவுப்பணி

உண்மை. வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் சொருக வேண்டும். சும்மா தொங்கவிட்டால் பாம்பு உள்ளே வந்துவிடும், வெளியே போக வழி தெரியாமல் கூடவே படுத்திருக்கும்.

கரிசல்காட்டான்

எல்லோருக்கும் நன்றி. சித்தி இப்போது கட்டிலில் படுக்கிறார், வலையும் வாங்கியாயிற்று. எங்கள் ஒன்றியத்தில் உள்ள சுகாதார நிலையங்களில் மருந்து இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம் என்று இருக்கிறேன். 'மருந்து இருப்பு உள்ளதா' என்று கேட்டால் 'உள்ளது' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எப்படிக் கேட்பது?

எண்கணக்கு

பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்ட சுகாதார அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். கருத்துக் கேட்காதீர்கள், பதிவேட்டு நகல் கேளுங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் இந்தத் தேதியில் எத்தனைக் குப்பி, காலாவதித் தேதி என்ன. சென்ற நிதியாண்டில் பாம்புக்கடியோடு வந்தவர்கள் எத்தனை பேர், அதில் அங்கேயே மருந்து தொடங்கப்பட்டவர்கள் எத்தனை பேர், மருந்து தொடங்காமல் அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர். கடைசி இரண்டு எண்ணும்தான் முக்கியம்.

இரவுப்பணி

அதோடு இதையும் சேருங்கள்: அட்ரினலின் ஆம்பூல் இருப்பு, கண்ணாடிச் சோதனைக் குழாய் இருப்பு, பாம்புக்கடி சிகிச்சைப் பயிற்சி பெற்ற மருத்துவர், செவிலியர் எண்ணிக்கை. மருத்துவரின் பெயரைக் கேட்காதீர்கள். பெயர் கேட்டால் அடுத்த ஆளும் ஊசி போடாமல் அனுப்ப ஆரம்பித்துவிடுவார்.

கரிசல்காட்டான்

சரி டாக்டர். பெயர் இல்லாமலே எழுதுகிறேன். பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.